சாதாரண தரப் பரீட்சை முடித்த கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு, உயர்தரத்தில் இணைந்த கணிதம் தொடங்குமுன் கிடைக்கும் இடைவெளியில் என்ன படிப்பிக்கலாம்?

வகையீடு போன்ற புதுப் பாடங்களுக்குப் பாயவேண்டாம். அட்சரகணிதத்தையே பிடியுங்கள்: பின்னங்கள், காரணிப்படுத்தல், சுட்டிகள். உயர்தரத்தில் பலர் தடுக்கி விழுவது புதுப் பாடத்தில் அல்ல, இந்தப் பழைய இடங்களில்தான்.

இரண்டு வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அந்த இரண்டு எண்களின் கூட்டுத்தொகையே வரும் என்று நிறையப் பிள்ளைகள் எழுதுவார்கள். பிழை என்று சிவப்பு மையால் வெட்டினால் மனதில் நிற்காது. முற்றத்துக்குக் கூட்டிப்போங்கள். வீட்டு அத்திவாரத்தின் மூலை செங்கோணமா என்று பார்க்கும் மேசன்மார் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளையே கயிறு பிடித்து அளக்கட்டும். 9 உம் 16 உம் கூட்டினால் 25, அதன் வர்க்கமூலம் 5; 3 உம் 4 உம் கூட்டிய 7 வராது. அப்புறம் அந்தப் பிழை குறையும், நம்புங்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'ஏன்' என்பதைத் தமிழில் ஒரு வசனமாக எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத வரிதான் விளங்காத வரி.

பொறியியல் கனவுள்ள பிள்ளைகளை ஒருநாள் அறிவியல்நகருக்கும் கூட்டிப்போங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் அங்கே, நம் மண்ணிலேயே இருப்பதைக் கண்ணால் பார்க்கட்டும்.