இளைஞர் பணிக்கு நிதியும் விருதும்: வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

இளைஞர் அமைப்புகளுக்கான நிதியுதவி பற்றியும் இளம் தொண்டர்களுக்கான விருதுகள் பற்றியும் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுள் ஒத்தவற்றை ஒன்றாக்கி இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களுள் பெரும்பாலானோர் “யார் பணம் தருவார்கள்?” என்றே தொடங்குகிறார்கள். பணம் தருபவரோ உங்கள் அமைப்பு எங்கே பதிவாகியிருக்கிறது, கணக்கை யார் பார்க்கிறார் என்பவற்றையே முதலில் கேட்பார். ஆகவே பதிவைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஒட்டுசுட்டான் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட இளையோர் சேர்ந்து மாலை வகுப்பும் சிறிய நூலகமும் நடத்துகிறோம். எங்களுக்குப் பதிவு இல்லை. வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பிப்பதற்காகப் புதிய அமைப்பொன்றைத் தொடங்க வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். உங்கள் கிராமத்திலேயே பதிவுள்ள அமைப்புகள் பல இருக்கக்கூடும். அவற்றுள் உங்கள் பணிக்குப் பொருந்துவது எது என்று முதலில் பாருங்கள். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாகாண கிராம அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை. சனசமூக நிலையம் பிரதேச சபையோடு தொடர்புடையது; வாசிகசாலை நடத்துவது அதன் வழமையான பணி என்பதால் உங்கள் நூலகத்துக்கு அதுவே இயல்பான இடம். விளையாட்டுக் கழகமாயின் பிரதேச செயலகத்திலுள்ள விளையாட்டு உத்தியோகத்தரையும், இளைஞர் கழகமாயின் இளைஞர் சேவை உத்தியோகத்தரையும் சந்திக்க வேண்டும். இளைஞர் கழகங்கள் 1979 ஆம் ஆண்டின் 69 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் இயங்குகின்றன. அங்கத்தவர்கள் 13 முதல் 29 வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும். இந்த வயதெல்லையைப் பலரும் கவனிப்பதில்லை. கழகத்தைத் தொடங்கியவர்கள் முப்பதை எட்டியதும் பொறுப்பை யாரிடம் கையளிப்பது என்பதை யாப்பிலேயே, அதாவது கழகத்தின் விதிமுறை ஆவணத்திலேயே, எழுதி வைத்தால், பின்னர் காசோலையில் கையொப்பமிடத் தகுதியுள்ளவர் யார் என்ற தகராறு எழாது.

இவற்றுள் எதுவும் பொருந்தாதபோது, 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்த் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் பதிவு செய்த பின்னர் ஆண்டறிக்கையும் கணக்கறிக்கையும் உரிய காலத்தில் சமர்ப்பிக்க வேண்டிய கடமை தொடரும் என்பதால், இருபது பேரும் உயர்தரப் பரீட்சைக்கும் வேலைக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் அந்தச் சுமையை ஏற்க முடியுமா என்று யோசித்து முடிவெடுங்கள். ஏற்கெனவே இயங்கும் சங்கமொன்றின் உபகுழுவாக இணைந்து, தனியான கணக்கேட்டைப் பேணிக்கொண்டு, அந்தச் சங்கத்தின் பதிவிலக்கத்தில் விண்ணப்பிப்பதே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு நல்லது என்பது என் கருத்து. சங்கத்தின் மூத்தவர்கள் இளையோரின் பணத்தில் தலையிடுவார்களோ என்ற அச்சம் எழுவது இயல்பே. உபகுழுவின் அதிகாரத்தைப் பொதுக்கூட்டத் தீர்மானமாக எழுதிக் கையொப்பம் பெற்றுவிட்டால் அந்த அச்சம் பெருமளவு தீரும்.

எந்த வழியைத் தெரிந்தாலும், யாப்பு, கூட்ட அறிக்கைப் புத்தகம், இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு, வரவுசெலவுக் கணக்கேடு, பற்றுச்சீட்டுக் கோப்பு ஆகியவை இன்றே தொடங்கப்பட வேண்டியவை. விண்ணப்பத்துக்கு முந்திய வாரத்தில் ஓராண்டுக் கூட்ட அறிக்கைகளை ஒரே பேனாவால் எழுதி முடிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பார்ப்பவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

கண்டாவளைப் பிரிவில் இளைஞர் பயிற்சி நிலையத்துக்குக் கட்டடமும் தையல் இயந்திரங்களும் பயிற்றுநருக்குச் சம்பளமும் தேவை. தூதரகங்கள் நேரடியாக உதவுமா?

உதவும். ஆயினும் நீங்கள் கேட்டிருக்கும் மூன்றையும் ஒரே தூதரகம் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒவ்வொரு நிதியமும் எதைத் தராது என்று அறிந்துகொண்டால் தேடல் பாதியாகக் குறையும்.

ஜப்பானிய அரசின் அடிமட்ட மனிதப் பாதுகாப்புத் திட்டங்களுக்கான நன்கொடை கட்டடம், உபகரணம் போன்ற நிலையான பொருள்களுக்கு உரியது. வடக்கில் மிதிவெடி அகற்றும் பணிகளுக்கும் இதிலிருந்து தொடர்ந்து உதவி கிடைத்திருக்கிறது. சம்பளம், மின்கட்டணம் போன்ற தொடர் செலவுகளை இது ஏற்காது. கட்டிய பின்னர் அவற்றை யார் ஏற்பார் என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டமும் கனடாவின் உள்ளூர் முன்முயற்சிகளுக்கான நிதியும் அளவிற் சிறியவை. கனேடிய நிதியின் உச்சவரம்பு ஒரு திட்டத்துக்கு ஒரு இலட்சம் கனேடிய டொலர் என்றாலும், சிறிய அமைப்புகள் அதனிலும் மிகக் குறைவாகக் கேட்பதே பொருத்தமானது. பெண்களின் பங்கேற்பு, காலநிலை மாற்றம், சமாதானம் போன்ற கருப்பொருள்களை அந்தந்த ஆண்டின் அறிவித்தல் குறிப்பிடும். உங்கள் பணி அவற்றுள் ஒன்றோடு உண்மையாகவே பொருந்தினால் மட்டும் விண்ணப்பியுங்கள். தையற் பயிற்சியைக் காலநிலைத் திட்டமாக மாற்றி எழுதித் தருவோர் இருக்கிறார்கள். அப்படிப் பெற்ற பணத்துக்கு அறிக்கை எழுதப்போவது எழுதித் தந்தவரல்லர், நீங்களே.

வன்னிக்கே உரிய இரண்டு சிக்கல்களையும் கவனிக்க வேண்டும். முதலாவது காணி. கட்டடத்துக்கு நிதி தருபவர் காணியின் உரிமைச் சான்றைக் கட்டாயம் கேட்பார். நம்முடைய பொதுக் காணிகளுட் பல அரச காணிகள். சில இடங்களில் வனத்திணைக்களமும் எல்லைக்கற்களை நாட்டியிருக்கிறது. கிராமத்தார் அனைவருக்கும் அது பொதுக்காணி என்று தெரிந்திருப்பது போதாது. அந்தக் காணியை இந்தப் பணிக்குப் பயன்படுத்தலாம் என்ற பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியைப் பெற்ற பின்னரே முன்மொழிவை எழுதத் தொடங்குங்கள். காணிக் கடிதம் கிடைப்பதற்கு முன்மொழிவு எழுதுவதைவிட அதிக காலம் எடுக்கும்.

இரண்டாவது காலம். கனடாவின் நிதியாண்டு மார்ச் 31 இல் முடிவதால் அந்த நிதியில் நடக்கும் பணிகள் பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் நெருக்கியடித்துக்கொண்டு வரும். நமக்கு அது மாரிமழையும் காலபோக வேளாண்மையும் சேர்ந்த காலம். கார்த்திகையிலும் மார்கழியிலும் அத்திவாரம் வெட்ட முடியாது. அறுவடைக் காலத்தில் சிரமதானத்துக்கு ஆள் வராது. செயற்பாட்டு அட்டவணையில் இதை மறைக்காமல் எழுதி, அந்த மாதங்களுக்கு வகுப்பறைப் பயிற்சியையும் பொருள் கொள்வனவையும் ஒதுக்கினால், பரிசீலிப்பவருக்கு உங்கள்மீது நம்பிக்கை கூடும்.

பயிற்றுநரின் சம்பளத்துக்குத் தனிவழி தேடுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம், தொழிற்பயிற்சி அதிகாரசபை ஆகியவற்றோடு பேசி, அவர்களின் பயிற்றுநர் வாரத்தில் ஒருநாள் வர இயலுமா என்று கேட்டுப் பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

நான் முல்லைத்தீவில் உயர்தரம் படிக்கும் 17 வயது மாணவி. இரண்டு ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். நானாகவே விண்ணப்பிக்கக்கூடிய விருது எது?

உங்களுக்கு முதலிற் பரிந்துரைப்பது எடின்பரோ கோமகன் சர்வதேச விருது. 1956 இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தை இலங்கையில் தேசிய இளைஞர் விருது அதிகாரசபை நடத்துகிறது. 14 வயதிலிருந்து 24 வயது வரையுள்ளோர் சேரலாம். இதில் யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை. குறித்த காலம் குறித்த பணியைச் செய்து முடித்த அனைவருக்கும் விருது உண்டு. சமூக சேவை, திறன் வளர்ச்சி, உடற்பயிற்சி ஆகிய மூன்றிலும் வாரத்துக்குச் சராசரி ஒரு மணித்தியாலம் செலவிட வேண்டும். அவற்றோடு குழுவாகச் செல்லும் சாகசப் பயணமும் உண்டு. வெண்கல விருதுக்குக் குறைந்தது ஆறு மாதங்கள் தேவை. வெள்ளியை நேரடியாகத் தொடங்குவோருக்கு 12 மாதங்களும் தங்கத்தை நேரடியாகத் தொடங்குவோருக்கு 18 மாதங்களும் தேவைப்படும். தங்க விருதுக்கு 16 வயது நிரம்பியிருந்தால் போதும் என்றாலும், பரீட்சையை முன்னால் வைத்துக்கொண்டு 18 மாத ஒழுங்கை ஏற்பதைவிட வெள்ளியில் தொடங்குவதே உங்களுக்கு ஏற்றது. பாடம் சொல்லிக்கொடுக்கும் பணியையே சேவைப் பகுதியாகத் தொடரலாம். ஆனால் பதிவான நாளிலிருந்துதான் கணக்கிடுவார்கள். ஆகவே இன்னும் தாமதிக்க வேண்டாம்.

சாகசப் பயணம் பற்றி ஒரு வார்த்தை. மிதிவெடி அபாயப் பலகை உள்ள இடங்களும் அகற்றும் பணி முடிவடையாத இடங்களும் இன்னும் இருப்பதாலும், காட்டோரப் பாதைகளில் யானை நடமாட்டம் இருப்பதாலும், பயணப் பாதையைக் கிராம அலுவலரிடமும் பொலிஸாரிடமும் காட்டி ஒப்புதல் பெறாமல் எந்தப் பொறுப்பாசிரியரும் குழுவை அழைத்துச் செல்லக்கூடாது.

மற்ற விருதுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டயானா விருது 9 முதல் 25 வயது வரையுள்ளோருக்கு உரியது; அதற்கு நீங்களே உங்களை முன்மொழிய முடியாது. உங்கள் பணியை நேரில் அறிந்த ஆசிரியர் போன்ற ஒருவர் முன்மொழிய வேண்டும், உறவினர் முன்மொழியக்கூடாது. சிறுவருக்கான சர்வதேச சமாதானப் பரிசு 12 முதல் 17 வயது வரையுள்ளோருக்கானது என்பதால் உங்களுக்கு இதுவே கடைசி ஆண்டாக இருக்கலாம்; ஆனால் உலகளவிற் பெரிய மாற்றம் செய்தோரோடு போட்டியிட வேண்டியிருக்கும். பொதுநலவாய இளைஞர் விருதுகள் 15 முதல் 29 வயது வரையுள்ளோருக்கானவை. உங்கள் பணி இன்னும் சில ஆண்டுகள் வளர்ந்த பின்னர் அவற்றைப் பார்க்கலாம். டிசம்பர் 5 சர்வதேசத் தொண்டர் தினம் என்பதால் அதனையொட்டி உள்நாட்டில் வரும் அறிவித்தல்களை ஒவ்வோராண்டும் செப்டெம்பரிலிருந்தே கவனித்து வாருங்கள்.

“உலக இளம் தலைவர்” விருதுக்கு நான் தெரிவாகியிருப்பதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. பதிவுக் கட்டணமாக 300 டொலர் அனுப்பச் சொல்கிறார்கள்.

அனுப்பாதீர்கள். விண்ணப்பிக்காத விருது உங்களைத் தேடி வருவதும், வந்தவுடன் பணம் கேட்பதும் போதுமான அடையாளங்கள். நட்சத்திர விடுதி மண்டபத்தில் பொன்னாடை போர்த்திப் பட்டமும் கேடயமும் தரும் உள்நாட்டு நிகழ்வுகளுக்கும் இதே பதில்தான். பெயருக்கு முன்னால் விலைக்கு வாங்கிய “கலாநிதி” இருப்பது பின்னர் உண்மையான விண்ணப்பமொன்றைப் பரிசீலிப்பவரின் கண்ணில் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும்.

கனடாவிலுள்ள எங்கள் ஊர்ச் சங்கம் இளைஞர் கழகத்துக்கும் பாடசாலைக்கும் பணம் தருவதாகச் சொல்கிறது. என் சொந்தக் கணக்குக்கு அனுப்பினால் பிரச்சினையா?

பிரச்சினைதான், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். கழகத்துக்கு உரிய பணம் கழகத்தின் கூட்டுக் கணக்குக்கே வர வேண்டும். பாடசாலைக்கு உரியது அதிபரின் அறிவோடு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கே செல்ல வேண்டும். இரண்டையும் ஒரே தொகையாக வாங்கிப் பிரிக்காதீர்கள். அனுப்பும் அமைப்பிடமிருந்து நோக்கத்தையும் தொகையையும் குறிப்பிட்ட கடிதமொன்றையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

மேலும், பயங்கரவாதத்துக்கு நிதி செல்வதைத் தடுப்பதற்கான 2012 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதியின் கீழ்ப் புலம்பெயர் அமைப்புகள் சில 2014 இல் வர்த்தமானியில் தடைப்பட்டியலிடப்பட்டன. அப்பட்டியல் 2015, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மாற்றப்பட்டது. பழைய செய்தியை நம்பாமல், நடைமுறையிலுள்ள வர்த்தமானியில் அனுப்பும் அமைப்பின் பெயர் இல்லை என்பதைப் பார்த்து, அதன் பிரதியைக் கோப்பில் வைத்திருங்கள். ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பெரும்பாலும் இதில் சிக்குவதில்லை. எனினும் கேள்வி எழும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் இங்கிருக்கும் பொருளாளரே.

ஐந்தாண்டுகளாகத் தொண்டர் ஆசிரியராக இருக்கிறேன். விருது கிடைத்தால் நிரந்தர நியமனத்துக்கு உதவுமா?

நியமனம் அரசாங்கத்தின் ஆட்சேர்ப்பு விதிகளாலும் அவ்வப்போது எடுக்கப்படும் தீர்மானங்களாலுமே நடக்கிறது. விருதுக்கு அதில் இடமில்லை. உங்களுக்குப் பயன்படப்போவது வரவுப் பதிவேட்டின் பிரதியும் அதிபர் ஒப்பமிட்டு வலயக் கல்வி அலுவலகம் உறுதிப்படுத்திய சேவைக் கடிதமுமே. அதிபர் இடமாற்றம் பெறுவதற்கு முன் அவற்றை ஆண்டுதோறும் பெற்றுவிடுங்கள்.

விண்ணப்பங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. யாரிடமாவது பணம் கொடுத்து எழுதுவிக்கலாமா?

அரச நிறுவனங்களுக்குத் தமிழிலேயே எழுதித் தமிழிலேயே பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. அங்கே ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டிய தேவையே இல்லை. தூதரக நிதிகளுக்கு ஆங்கிலம் தேவைப்படும். முழு முன்மொழிவையும் முதலில் நிர்வாகசபை கூடித் தமிழில் எழுதுங்கள். யாருக்காக, எந்த இடத்தில், எத்தனை பேருக்கு, என்ன விலையில் என்பவை தெளிவான பின்னர், வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்திலோ படிக்கும் உங்கள் ஊர் மாணவர் ஒருவர் அதனை மொழிபெயர்க்கலாம். கிடைக்கும் நிதியில் நூற்றுக்கு இவ்வளவு என்று பேரம் பேசி எழுதுபவர்களைத் தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலான நிதியங்கள் அந்தச் செலவை ஏற்பதில்லை. அதோடு, அவர்கள் அயற்கிராமத்துக்கும் அதே பந்திகளையே விற்றிருப்பார்கள்.

அரச நிறுவனமொன்றுக்கு விண்ணப்பித்துப் பல மாதங்களாகியும் பதிலில்லை. நேரில் போனால் “பார்ப்போம்” என்கிறார்கள்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். “எங்களுக்கு ஏன் தரவில்லை?” என்று கேட்பதைத் தவிர்த்து, விண்ணப்பம் கிடைத்த திகதி, தெரிவுக்கான அளவுகோல், தெரிவுக் குழுக் கூட்டத்தின் அறிக்கை, நிதி பெற்ற அமைப்புகளின் பட்டியல் ஆகிய ஆவணங்களின் பிரதிகளைக் கோருங்கள். அந்நிறுவனத்தின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பதில் வராவிட்டால் அங்கேயே மேன்முறையீடுகளுக்கெனக் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின்னர் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தைக் கையளிக்கும்போது திகதியிட்ட ஏற்புச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தபாலில் அனுப்புவதாயின் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.