மக்காச்சோளம் பாதி முளைக்கல: முதல்ல தோண்டிப் பாருங்க

கரிசல்ல விதைச்ச மறுநாளே கனமழை, எட்டு நாளாகியும் பாதிதான் முளைச்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க. விதைக்கடைக்காரரோட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி, முளைக்காத இடத்துல நாலஞ்சு விதையைத் தோண்டிப் பாருங்க.

விதை கொழகொழன்னு நசுங்கி நாத்தமடிச்சா, தண்ணி தேங்கிக் காத்தோட்டமில்லாம அழுகியிருக்கு. தண்ணியை வடிச்சுட்டு அங்க மறுவிதை போடுங்க. முளை சுருண்டு, மண்ணுக்குள்ளயே இலை பிரிஞ்சு வெளிறிக் கிடந்தா மேல்மண் இறுகிப்போச்சு. லேசா தண்ணி தெளிச்சு அதை இளக்குங்க. இன்னும் சுருளாத முளையாவது மேல வரும். வேர் நுனி பழுப்பாக் கருகியிருந்தா அடியுரம் விதையை ஒட்டி விழுந்திருக்கலாம்.

மறுவிதை 4-5 செ.மீ. ஆழத்துல, உடனே போடுங்க. தள்ளிப்போட்டா ஏற்கெனவே முளைச்சு நிக்கிற பயிரோட நிழல்ல சிக்கி, பெரும்பாலும் நல்ல கதிர் வைக்காது.