‘நீங்களே சொல்லுங்க மேடம்’ – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் துறைத்தலைவராகி எட்டு மாதம் ஆகிறது. ‘கோச்சிங்’ முறையில் துறையை நடத்துவது பற்றி ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்வந்தேன். உத்தரவு போடாதே, கேள்வி கேள் என்றார்கள். பிஎச்டி தேங்கிக் கிடக்கும் ஓர் உதவிப் பேராசிரியரை என் அறைக்கு அழைத்து, “ஏன் ரெண்டு வருஷமா ஒரு பேப்பரும் வரலை? என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டேன். “நீங்களே சொல்லுங்க மேடம், செஞ்சிடறேன்” என்றார். நம் ஊருக்கு இது ஒத்துவருமா? இதற்கென்று சான்றிதழ் படிப்பு ஏதாவது படிக்கவா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள பேராசிரியருக்கு,

சான்றிதழ் வேண்டாம். அது கோச்சிங்கையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு. நம் ஊருக்கு ஒத்துவருமா என்று ஆராய்ந்து முடிப்பதற்குள் நீங்கள் ரிடையர் ஆகிவிடுவீர்கள். அதையும் விடுங்கள்.

என்னை உறுத்தியது உங்கள் முதல் சொல். “ஏன்”. நம் கல்லூரிகளில் ‘ஏன்’ என்று தொடங்குவது மெமோ. ஏன் தாமதம், ஏன் விடுப்பு, ஏன் தேர்ச்சி விகிதம் குறைந்தது. மெமோவுக்கு ஒரே பதில்தான் உண்டு: விளக்கம். விளக்கம் கையில் இல்லாதவர் சரணடைவார். உங்கள் உதவிப் பேராசிரியர் சரணடைந்தார். அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தால் அது உங்கள் தவறு.

இந்தக் கோச்சிங் முறை டென்னிஸ் மைதானத்திலிருந்து வந்தது. 1970களில் டிம் கால்வே என்ற பயிற்றுநர், அறிவுரையைக் குறைத்து ஆட்டக்காரரின் கவனத்தைப் பந்தின்மேல் திருப்பினார். பந்தயக் கார் ஓட்டுநராக இருந்த ஜான் விட்மோர் அதை பிரிட்டனில் அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார். ‘பந்தை ஏன் பார்க்கவில்லை’ என்று கேட்டால் சாக்கு வரும். ‘பந்து எந்தப் பக்கம் சுழன்று வருகிறது’ என்று கேட்டால், பதில் சொல்லவாவது பந்தைப் பார்த்தாக வேண்டும். சூட்சுமம் அவ்வளவுதான். ஆகவே என்ன, எப்போது, எத்தனை என்று கேளுங்கள். எத்தனை இயல்கள் எழுதியாயிற்று? நெறியாளரைக் கடைசியாகப் பார்த்தது எந்த மாதம்? வாரத்தில் எந்த நாள் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்கிறது?

“ஒரு கருத்தரங்கில் வாசித்தால் என்ன?” என்றும் கேட்காதீர்கள். அது கேள்விக்குறி வைத்த உத்தரவு. அவர் வாயிலிருந்து மூன்று வழிகள் வரும்வரை உங்கள் வழியைச் சொல்லக் கூடாது. கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பேராசிரியர்களால் நாலுக்கு மேல் எண்ண முடியாது. வகுப்பில் கேள்வியையும் கேட்டு விடையையும் சொல்லிப் பழகிய வாய்.

இன்னொன்று. அவருடைய ஆண்டு சுயமதிப்பீட்டைப் பார்த்துக் கையெழுத்திடுவதும் நீங்கள்தான். அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து யாரும் உண்மை பேச மாட்டார்கள். படிவம் நிரப்பும் மாதத்தில் இந்தப் பேச்சே வேண்டாம். நூலகத்திலோ காலி வகுப்பறையிலோ, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், நாற்பது நிமிடம். இங்கே பேசுவது படிவத்துக்குப் போகாது என்று முதலிலேயே சொல்லுங்கள். சொன்னால் காப்பாற்றுங்கள், ஒருமுறை மீறினால் துறை முழுக்கத் தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் இதைத் தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. முதல் முறை வினாத்தாள் தயாரிக்கும் புதியவரிடம் “உங்களுக்கு என்ன தோன்றுகிறது” என்பது கொடுமை. எப்படி என்று சொல்லிக்கொடுங்கள். பாலியல் தொந்தரவுப் புகார் வந்தால் அது உள்ளகக் குழுவுக்குப் போக வேண்டியது, உங்கள் நாற்பது நிமிடத்துக்கு அல்ல.

அவர் எத்தனை மணி நேரம் வகுப்பெடுக்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை. யுஜிசியின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. அதற்கு மேல் நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) கோப்பும், தேர்வுப் பணியும், உடன் பணியாற்றுபவரின் விடுப்புக்கு மாற்று வகுப்பும் அவர் தலையில் இருந்தால், பதில் டைம்டேபிளில் இருக்கிறது. டைம்டேபிள் உங்கள் கையில் இருக்கிறது. அதை மாற்றாமல் “எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள்” என்று கனிவாகக் கேட்பதைவிட மெமோவே நேர்மையானது.

எனவே அடுத்த செமஸ்டர் டைம்டேபிள் போடுவதற்கு முன்பு அவரைப் பாருங்கள். முடிக்கும்போது “எந்தத் தேதிக்குள் முடியும், முடிந்தது எனக்கு எப்படித் தெரியவரும்” என்ற இரண்டையும் அவரே சொல்லட்டும். அவர் பேசும்போது நீங்கள் குறிப்பெடுக்காதீர்கள். மெமோ தயாராகிறது என்று நினைத்துக்கொள்வார்.