முறை தெரியாமல் காதல் எழுதலாமா? வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் விடுமுறையை வைத்து இளையோர் நாவல் எழுதிக்கொண்டிருக்கும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து வாசகர்களின் கேள்விகளும் எங்கள் பதில்களும்.

என் நாயகி மெட்ரிக் (பள்ளி இறுதி வகுப்பு) முடித்த 18 வயதுப் பெண். உம்ட்லோட்டியில் ஒரு கடற்கரை வீட்டில் குடும்பத்தோடு விடுமுறையைக் கழிக்கிறாள். அங்கே வரும் ‘கசின்’ ஒருவன் மேல் அவளுக்குக் காதல். முதல் அத்தியாயத்தைப் படித்த என் அம்மா முகத்தைச் சுளித்தார். காரணம் சொல்லவில்லை.
— வாசகி, ஃபீனிக்ஸ்

‘கசின்’ என்ற சொல்தான் காரணம். டர்பனில் நாம் எல்லாரையும் அந்த ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். தமிழ் படிக்கிறவருக்கு அது போதாது. அத்தை மகன், மாமன் மகன் என்றால் முறைப்பையன். சித்தி, பெரியம்மா, சித்தப்பா, பெரியப்பா பிள்ளை என்றால் அண்ணன் தம்பி. எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லாததால் உங்கள் அம்மா தானே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார், கணக்கு தப்பான பக்கம் போயிருக்கிறது.

அவன் அம்மாவை அவள் எப்படிக் கூப்பிடுகிறாள் என்பதை முதல் பக்கத்திலேயே காட்டிவிடுங்கள். “சித்தி, அவன் எழுந்துட்டானா?” என்று அவள் கேட்டால் காதலுக்கு அங்கேயே கதவு சாத்தியாயிற்று. “அத்தை” என்றால் முறை சரி. ஆனால் சொந்தத்தில் கல்யாணம் செய்யும் வழக்கம் இங்கே குறைந்துவிட்டது, இன்றைய பதினாறு வயது வாசகி மாமன் மகனையும் கூடப்பிறந்தவன் போலத்தான் பார்க்கிறாள். அதனால் அவனை அம்மாவின் பள்ளித்தோழி மகனாக மாற்றிவிடச் சொல்வோம். அப்போது அவன் அம்மா வெறும் “ஆன்டி.” எந்த முறையும் ஒட்டாத சொல்.

ஒட்டாத சொல் என்பதால்தான் அதை வைத்து நிறையச் செய்யலாம். நாவலின் நடுவில் ஒரு மதியம், நாயகியும் அவன் அம்மாவும் அடுப்படியில் நிற்கிறார்கள். அந்த அம்மா சோற்றுப் பானையின் ஒரு காதைப் பிடித்திருக்கிறார், இவள் மறு காதை. கஞ்சி வடிக்கும்போது ஆவி முகத்தில் அடிக்கிறது. “பாத்து, அத்தை” என்று இவள் வாயிலிருந்து வந்துவிடுகிறது. வேறு எதுவும் எழுத வேண்டாம். அந்த அம்மா பானையைக் கீழே வைக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதை மட்டும் எழுதுங்கள். ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்று கடற்கரையில் சொல்லும் காட்சியைவிட இது வலுவானது. இதற்கு முன் குறைந்தது ஏழெட்டு இடத்திலாவது ‘ஆன்டி’ வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்றம் வாசகர் காதில் விழாது.

அண்ணன், தம்பி இருவரும் ஒரே பெண்ணை விரும்புகிறார்கள். ஆங்கில நாவல்களில் இது சாதாரணம். தமிழில் எழுதினால் ஏதோ உறுத்துகிறது.
— வாசகர், டோங்காட்

உறுத்தத்தான் செய்யும். அண்ணனை மணந்தால் அவள் தம்பிக்கு அண்ணி, தாய்க்குச் சமமாக வைக்கப்படுகிறவள். தம்பியை மணந்தால் அண்ணன் அவளிடம் ஒதுங்கி நின்று பேச வேண்டிய உறவு. தேர்வு முடிந்த பிறகும் தோற்றவன் அதே வீட்டில், அதே சாப்பாட்டு மேசையில், புது உறவுப்பெயரோடு அவளைத் தினமும் கூப்பிட வேண்டும். ஆங்கிலத்தில் இந்தச் சுமை இவ்வளவு இல்லை. இதைத் தாங்கத் தயார் என்றால் எழுதுங்கள். இல்லையென்றால் ஒருவனை நண்பனாக்கிவிடுங்கள், கதை கெட்டுப்போகாது.

வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒரு சோதனை. அவள் இல்லாமல் அந்த இருவர் மட்டும் வரும் ஓர் அத்தியாயம் எழுதிப் பாருங்கள், சுமார் 1,500 சொல். அதிலும் அவர்களுக்குள் சண்டை வருகிறதா? அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்ள அண்ணன் படிப்பை விட்டான், அந்தப் பணத்தில் தம்பி படிக்கிறான் என்பது போல, அவள் வருவதற்குப் பல வருடம் முன்பே தொடங்கிய ஒரு மனக்குறை இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அவள் வெறும் பரிசுப்பொருள், அவர்கள் வெறும் போட்டியாளர்கள்.

வீடு நிறைய சொந்தக்காரர்கள். காதலர்கள் தனியாகப் பேச இடமே கிடைக்கவில்லை. குடும்பத்தை எப்படி வெளியே அனுப்புவது?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

அனுப்பாதீர்கள். எல்லாரையும் கடைக்கு அனுப்பிவிட்டு இருவரைத் தனியே விடும் நாவல்களில் குடும்பம் மேடைத் திரை மாதிரி ஆகிவிடுகிறது. தனிமையை எல்லார் கண் முன்னாலேயே உண்டாக்குங்கள். அதற்கு நம் வீடுகளில் துனீ என்ற சீட்டாட்டம் இருக்கிறது.

நால்வர் ஆடும் ஆட்டம், 24 சீட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு, துருப்பு ஏலம் முடிந்ததும் இன்னும் இரண்டு. கூட்டாளிகள் எதிரெதிரே உட்கார வேண்டும், கையில் இருப்பதைச் சொல்லவோ சைகை காட்டவோ கூடாது. இருவரையும் கூட்டாளிகளாக உட்கார வைத்துவிட்டால், பேசாமல் ஒருவர் மனதை மற்றவர் படிப்பது அவர்கள் கடமையாகிவிடுகிறது:

‘அவள் இஸ்பேட் ஒன்பதை விரலுக்குள் வைத்து யோசித்தாள். எதிரே அவன் சீட்டை அடுக்குவதை நிறுத்தியிருந்தான். ஜாக் அவனிடம்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியப்பாவுக்கும் தெரிந்துவிட்டது.’

பெரியப்பாவுக்கு என்ன தெரிந்தது என்பதை அடுத்த அத்தியாயம் வரை சொல்லாதீர்கள். ஒரே இனத்து ராஜாவும் ராணியும் ஒரு கையில் வந்தால் ‘ஜோடி’ என்று அறிவிப்பார்கள், 20 புள்ளி, துருப்பாக இருந்தால் 40. அந்தச் சொல்லை ஒரே ஒரு முறை பயன்படுத்துங்கள். இரண்டாம் முறை வந்தால் அலுத்துவிடும்.

கடலில் சூரியன் மறையும் வேளையில் அவன் மனதைத் திறக்கிறான். சரியாக இருக்கிறதா?
— வாசகர், வெருளம்

டர்பன் கரை கிழக்கு பார்த்தது. சூரியன் கடலில் மறையாது, கடலில் உதிக்கும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்னரே விடிந்துவிடும், மாலை ஏழு மணிவாக்கில் உங்கள் முதுகுப் பக்கம், கரும்புத் தோட்டங்களின் பின்னால் போய் மறையும். காட்சியை விடியலுக்கு மாற்றுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் விழித்திருக்கக்கூடியவர் தாத்தா ஒருவர்தான். சாட்சி தானாகவே கிடைத்துவிட்டார்.

நாயகியின் ஆயாவுக்கும் (பாட்டிக்கும்) இளமையில் ஒரு காதல் இருந்தது என்று கிளைக்கதை வைக்க ஆசை. ஆயா சின்ன வயதில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்.
— வாசகி, ஸ்டேங்கர்

கணக்கு இடிக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் கப்பல்கள் 1860-இல் தொடங்கி 1911-இல் நின்றுவிட்டன. 2025-இல் நடக்கும் கதையில் கப்பலில் வந்தவர் ஆயாவின் அம்மாவாகவோ பாட்டியாகவோதான் இருக்க முடியும். ஆயாவுக்கு 79 வயது என்று வையுங்கள். 1964-இல் அவருக்கு 18. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால், டர்பனின் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பு போன்ற இடங்களிலிருந்து குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்ட காலம் அது. சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்த இரண்டு வீட்டார், சாட்ஸ்வொர்த்தின் வெவ்வேறு யூனிட்டுக்கு (பகுதிக்கு)ப் போகிறார்கள். பேருந்து மாறிப் போக வேண்டிய தூரம், போய் நிற்க ஒரு காரணம் வேண்டும், பெண்பிள்ளைக்கு அந்தக் காரணம் கிடையாது. வில்லன் தேவையில்லை.

ஒன்றை மட்டும் தவிருங்கள். குடும்பத்தைச் சேர்த்து வைப்பதற்காக ஆயாவைக் கடைசியில் சாகடிக்காதீர்கள். எங்களுக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளில் அடிக்கடி பார்க்கும் குறை இதுதான். அவர் உயிரோடு இருந்து, பேத்தி செய்வதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கட்டும்.

முடிவு எங்கே வைப்பது? தைப்பூசக் காவடியில் இருவரும் சேர்வதாக எழுதியிருக்கிறேன், விடுமுறையின் கடைசி நாள்.
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

விடுமுறைக்குள் தைப்பூசம் பெரும்பாலும் வராது. தை மாதமே ஜனவரி நடுவில்தான் பிறக்கிறது, பள்ளி திறப்பதும் அதே வாக்கில்தான். 2025-இல் பூசம் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. காவடியை விடுமுறைக்கு வெளியே, தனி அத்தியாயமாக வையுங்கள்.

முடிவின் முடிச்சை மெட்ரிக் தேர்வு முடிவில் போடுங்கள். அது வருவது ஜனவரியில். டிசம்பர் 16 பொது விடுமுறையில் கதையைத் தொடங்கினால் உங்கள் கையில் நான்கு வாரம். ஒரு தாளில் நாள் நாளாகக் கட்டம் போட்டு, எந்த நாளில் வீட்டில் யார் யார் தூங்குகிறார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணி வந்த பிறகும் அவள் படுக்கையறை காலியாக இருப்பது போன்ற தவறுகள் அப்போதே பிடிபடும். முடிவு வந்ததும் ஒருவருக்கு ஜோகன்னஸ்பர்க்கில் இடம், மற்றவர் டர்பனில். நடுவில் சுமார் 570 கிலோமீட்டர்.

அதன் பிறகு காவடி. அவன் அம்மா விரதம், வீட்டில் கறிச்சட்டி கழுவிக் கவிழ்த்து வைத்தாயிற்று. நாயகி கோயிலில் கூட்டத்துக்குள் அவரைப் பார்க்கிறாள். அவன் ஊரில் இல்லை. அவள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.