செஷன் மூடிய பிறகு பட்டியலைத் தொட்டால் ஏன் பிழை வருகிறது?

கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடைக்கு நீங்கள் எழுதும் செயலியில் ஓடர் வருகிறது, அதன் சாமான் பட்டியலைப் பக்கத்தில் காட்டப்போனால் லேசி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன் என்ற பிழை விழுகிறது என்கிறீர்கள். ஹைபர்நேட் (ஜாவா ஆப்ஜெக்டுகளை டேட்டாபேஸ் அட்டவணைகளோடு இணைக்கும் கருவி) அந்தப் பட்டியலை நீங்கள் தொடும்போதுதான் டேட்டாபேஸிலிருந்து எடுக்கும். நீங்கள் தொடும் நேரத்தில் ட்ரான்ஸாக்ஷன் (ஒரே தொகுதியாக முடியும் டேட்டாபேஸ் வேலை) முடிந்து, ஹைபர்நேட் டேட்டாபேஸோடு பேசப் பயன்படுத்தும் செஷனும் மூடிவிட்டது; அதனால்தான் பிழை.

ஜாவா வலைச் செயலிகளுக்கான ஸ்பிரிங் பூட்டில், பக்கம் காட்டி முடியும்வரை செஷனைத் திறந்தே வைக்கும் ஓப்பன் இன் வியூ என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கும். அதை நிறுத்தியிருப்பீர்கள் போல. நல்லது, திரும்பப் போடாதீர்கள். போட்டால் 50 ஓடருக்கும் சேர்த்து ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி), அப்புறம் சாமான்களுக்கு இன்னும் 50 குவெரி என்று சத்தமில்லாமல் ஓடும்.

முதல் குவெரியிலேயே, ஓடரோடு அதன் சாமான்களையும் சேர்த்தே எடுக்கும் ஜாயின் ஃபெட்ச் போடுங்கள். பக்கம் பக்கமாகப் பிரிப்பதென்றால் மட்டும் கவனம்: ஹைபர்நேட் எல்லா வரிசைகளையும் நினைவகத்துக்கு இழுத்துவிட்டுத்தான் வெட்டும். அங்கே முதலில் அந்தப் பக்கத்துக்கான ஐடிகளை மட்டும் எடுத்து, பிறகு அவற்றுக்கு ஜாயின் ஃபெட்ச் போடுங்கள்.