பிரேக் விட்டாலும் 480 நாள் கணக்கு நிற்கும்

கோத்தகிரி பக்கம் எஸ்டேட் ஒன்றில் கொழுந்து பறிக்கும் சகோதரி கேட்டிருக்கிறார்: மூன்று வருடமாக ஒரே தோட்டம், இன்னும் தற்காலிகம்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் நிறுத்திவிட்டுத் திரும்பச் சேர்க்கிறார்கள். நிரந்தரம் கேட்டால் "இடையில் பிரேக் இருக்கே" என்கிறார் மேஸ்திரி. என்ன செய்வது?

அந்த பிரேக்கைக் கண்டு பயப்படாதீர்கள். 50 பேருக்குக் குறையாத தோட்டங்களில் 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கியே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது. கணக்குப் போடுவோம். 104 வாரத்தில் நிறுத்திவைத்த 12 வாரம் போனால் 92, வாரம் ஆறு நாள் வீதம் 552 நாள். காய்ச்சல், திருவிழா, பனிக்காலத்தில் கொழுந்து குறைந்து வேலை தராத நாள் என்று இன்னும் 70 நாள் கழித்தாலும் 480-க்கு மேலேதான் நிற்கிறீர்கள். உங்கள் தவறில்லாமல் வேலை நின்றால் சர்வீஸ் அறுந்துபோகாது. பருவகாலத் தொழிலுக்குச் சட்டம் பொருந்தாது என்று சொல்லிப் பார்ப்பார்கள். நீலகிரியில் வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்கிறோமே!

இழுபறி எல்லாம் வேலை செய்த நாட்களை நிரூபிப்பதில்தான், ஏனென்றால் செக்ரோல், அதாவது வருகைப் பதிவேடு, அவர்கள் கையில். முன்பு ஒரு அக்கா என்னிடம் அடுப்புப் புகை படிந்த மாதக் காலண்டரோடு வந்தார், கட்டத்துக்குக் கட்டம் அன்றைய கிலோ, 23, 31 என்று பென்சிலில் எழுதியிருந்தது, நிறுத்திய வாரங்களில் வெறும் கோடு. பி.எஃப். பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாதத்துக்கு மாதம் ஒத்துப்போனது. நீங்களும் இன்றைக்கே ஆரம்பியுங்கள். சம்பளச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம், பிரேக் விடும்போது நீட்டும் தாளில் "விலகிக்கொள்கிறேன்" என்று இருந்தால், வெற்றுத்தாளாக இருந்தாலும் சரி, கையெழுத்துப் போட வேண்டாம்.

தனியாகப் போகாதீர்கள். இதே நிலையில் உள்ள நாலைந்து பேர் சேர்ந்து, முடிந்தால் சங்கத்தின் மூலமாக, தோட்ட ஆய்வாளரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். பதிவேட்டை வரவழைத்துப் பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு. கோபத்தில் உங்களை நிறுத்தினாலும், ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தவரை ஆள்குறைப்பு என்று அனுப்ப ஒரு மாத நோட்டீஸும் வருடத்துக்கு 15 நாள் சம்பளமும் தர வேண்டும், சும்மா அனுப்ப முடியாது.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்: பாஸ்புக்கில் இருப்பது எஸ்டேட் பெயரா, காண்ட்ராக்டர் பெயரா? காண்ட்ராக்டர் என்றால் வழி வேறு.