படகோனியாக் காற்று, அட்டகாமா மணல்: கேட்டவர்களுக்குப் பதில்

சிலி நாட்டின் தெற்கே படகோனியா மலைகளில் தொடங்கி வடக்கே அட்டகாமா பாலைவனத்தில் முடித்த மூன்று வாரப் பயணத்தைப் பற்றிச் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கௌரி: அக்கா, முதலில் தெற்கா, வடக்கா? எந்த மாதம் நல்லது?

தெற்குதான் முதலில். அங்கிருக்கும் டோரெஸ் டெல் பைனே தேசியப் பூங்காவில் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட வானிலையால் வீணாகும். அதைப் பயணக் கடைசியில் வைத்தால் ஊர் திரும்பும் விமானத்தைக் கோட்டை விடுவீர்கள். அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. ஆனால் காற்றும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், கூட்டமும் அப்படியே. என் ஓட்டு மார்ச் கடைசிக்கு. காற்று சற்றுத் தணியும், லெங்கா மரங்கள் சிவக்கத் தொடங்கும்.

செந்தில்: காற்று காற்று என்கிறீர்களே, நம்மூர் ஆடிக் காற்றைவிடவா?

அம்மி நகரும் என்பார்களே, அங்கே அதை நம்பலாம். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவதெல்லாம் அபூர்வமில்லை. தெற்கே 50 டிகிரிக்கு அப்பால் பூமியைச் சுற்றிக் கிட்டத்தட்ட கடல்தான். மேற்கிலிருந்து ஓடி வரும் காற்றுக்குக் குறுக்கே நிற்பது இந்த ஒரு நிலத்துண்டு மட்டும்.

நோர்டென்ஷோல்ட் ஏரிக்கரையில் நடந்தபோது முதலில் சத்தம் கேட்டது, ரயில் வருகிற மாதிரி. திரும்பிப் பார்த்தால் ஏரித் தண்ணீர் வெள்ளைப் புகையாக எழும்பி எங்களை நோக்கி வருகிறது. முன்னால் போனவர் சட்டென்று கைத்தடியை ஊன்றிக் குந்தினார், நானும் குந்தினேன். எழுந்தபோது என் பையின் மழை உறை இல்லை. அது இப்போது அர்ஜென்டினாவில் இருக்கலாம். உறையை நம்பாதீர்கள், துணிகளைத் தடிமனான பிளாஸ்டிக் பைக்குள் கட்டி உள்ளே வையுங்கள். குடை வேண்டவே வேண்டாம். கார் எடுத்தால் காற்றை எதிர்நோக்கி நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரு கதவை மட்டும், கையால் பிடித்துக்கொண்டு திறக்கவும்.

நசீர்: படங்களில் அந்தக் கொம்பு மலைகளின் உச்சி மட்டும் கறுப்பாக இருக்கிறதே, தீயில் கருகியதா?

இல்லை. கறுப்பு, பழைய கடலடிப் படிவுப் பாறை. அதன் அடியில் சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிகுழம்பு புகுந்து இறுகியதுதான் கீழே தெரியும் வெளிறிய கிரானைட். கீழே இருப்பது இளையது, மேலே இருப்பது மூத்தது! பக்கத்தில் கோபுரம்போல் நிற்கும் சிகரங்களில் அந்தக் கறுப்புத் தொப்பி முழுவதும் அரித்துப் போய்விட்டது.

மாலா: ஒரே நாட்டில் இங்கே பனியாறு, அங்கே பாலைவனம். எப்படி?

இரண்டிலும் ஆண்டிஸ் மலைத்தொடருக்குக் கை உண்டு. தெற்கே ஈரக்காற்று மேற்கிலிருந்து வந்து மலையில் மோதிக் கொட்டுகிறது. வடக்கே ஈரம் வர வேண்டியது கிழக்கே அமேசான் பக்கமிருந்து. அதை மலை மறித்துவிடுகிறது. மேற்கே கடல் இருக்கிறதே என்றால், ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் காற்றை மேலெழ விடுவதில்லை. மூடுபனி வரும், மழை வராது. வடகோடித் துறைமுகமான அரிக்காவின் சராசரி ஆண்டு மழை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

ரவி: தெற்கிலிருந்து வடக்கே பஸ்ஸிலேயே போகலாமா?

சிலிக்குள்ளேயே தொடர்ச்சியான சாலை கிடையாது, அர்ஜென்டினா வழியாகச் சுற்ற வேண்டும். விமானத்தில் தலைநகர் சாந்தியாகோ, அங்கிருந்து அட்டகாமா பக்கத்து விமான நிலையமான கலாமா. அதுதான் புத்திசாலித்தனம்.

ஜெயந்தி: மேடம், அப்பாவுக்கு 68 வயது, பிரஷர் உண்டு. டாட்டியோ வெந்நீர் ஊற்றுகளுக்குக் கூட்டிப் போகலாமா?

முதலில் அவருடைய டாக்டரைக் கேளுங்கள். அட்டகாமாவில் பயணிகள் தங்கும் சான் பெட்ரோ ஊர் சுமார் 2,400 மீட்டர் உயரம், டாட்டியோ 4,300. முதல் நாளே வேனில் ஏற்றிவிடும் ஆட்கள் உண்டு, சம்மதிக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் ஊரில் தங்கி, நிலாப் பள்ளத்தாக்கு, உப்பு ஏரி, ஃபிளமிங்கோ எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசி நாளில் மேலே போங்கள். தலை வலித்தால் இறங்கிவிடுவதுதான் மருந்து. கொக்கா இலைத் தேநீர் கொடுப்பார்கள், குடிக்கலாம். அந்த இலையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் சட்டப்படி குற்றம்.

விடியுமுன் போவதற்குக் காரணம் குளிர். உறைநிலைக்குக் கீழே காற்று இருக்கும்போதுதான் ஆவி தூணாக நிற்கும், வெயில் ஏறினால் மெலிந்துவிடும். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதிக்கிறது. கல் அடுக்கிய எல்லையைத் தாண்ட வேண்டாம், அப்பால் தரை வெறும் மெல்லிய மேலோடு.

வித்யா: சைவம். ஸ்டவ் வைத்து ரசம் வைக்கலாமா? பொடியெல்லாம் கொண்டுபோகலாமா?

பூங்காவில் சமையலுக்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான் அடுப்பு. திறந்த வெளியில் தீ மூட்டவே கூடாது; 2005-இல் ஒரு பயணியின் அடுப்பிலிருந்து பரவிய தீ பத்தாயிரம் ஹெக்டேருக்கு மேல் அழித்தது, 2011-இல் இன்னொன்று. பழம், விதை, தேன் விஷயத்தில் விமான நிலையத்தில் கெடுபிடி அதிகம். இருப்பதை எல்லாம் படிவத்தில் சொல்லிவிடுங்கள். போனால் பொடிதான் போகும், மறைத்தால் அபராதம். சாப்பாட்டுக்கு அவகாடோ தடவிய ரொட்டி, சீஸ் எம்பனாடா (சோமாஸ் மாதிரி), பயறு சூப். மூன்றாவது வாரம் அவகாடோவைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வந்தது.

பிரபு: அட்டகாமா இரவு வானம் உண்மையிலேயே அவ்வளவு அழகா?

ஆமாம். நம் பால்வீதிக்குப் பக்கத்து விண்மீன் மண்டலங்களான மகெல்லன் மேகங்கள் இரண்டும் வெறும் கண்ணுக்கே தெரியும். ஓரியன் விண்மீன் கூட்டம் தலைகீழாக நிற்கும். நாம் மேலே பார்த்துப் பழகிய திருவாதிரை அங்கே கீழே. ஆனால் டிக்கெட் எடுக்குமுன் காலண்டரைப் பாருங்கள். பௌர்ணமியை ஒட்டிப் போனால் தொலைநோக்கிச் சுற்றுலாக்காரர்கள் பலர் கடையையே சாத்திவிடுவார்கள்.